கம்பு பிடித்த கை பஸ்ஸில் ஏன் உறைந்தது?

மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து ஊரில் உள்ள வயதான ஆசான் ஒருவரிடம் சிலம்பம் கற்கிறாள். ஒற்றைக் கம்பு வீச்சில் மாவட்ட அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸில் வரும்போது, பின்னால் நின்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் அவள் உடம்பில் கை வைத்திருக்கிறான். அவள் கத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, இருட்டில் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னதே ஒரு வாரம் கழித்துத்தான்.

“ஏழு வருஷம் கம்பு சுத்தி என்ன பிரயோஜனம்?” என்று அப்பா கேட்டுவிட்டார். சிலம்பத்தை நிறுத்திவிட்டு, டவுனில் புதிதாக வந்திருக்கும் மூன்று மாதத் தற்காப்பு வகுப்பில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறார். ஆசானிடம் போய், “பஸ்ஸில் உதவுகிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொடுங்கள்” என்று கேட்டதற்கு, “கலையைச் சண்டைக்குக் கேட்காதீர்கள், அடக்கம்தான் முதல் பாடம்” என்று அவர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, “பயிற்சி எடுத்தவங்க கை ஆயுதத்துக்குச் சமம். அடிச்சா உங்க பொண்ணு மேலதான் கேஸ் வரும், கவர்மெண்ட் வேலையே கிடைக்காது” என்று பயமுறுத்தியிருக்கிறார். இப்போது மகள் எந்த வகுப்புக்கும் போவதில்லை. கம்பு கதவு மூலையில் சாத்தியபடி இருக்கிறதாம். எதை விடுவது, எதைப் பிடிப்பது, பையில் கத்தியோ பெப்பர் ஸ்பிரேயோ கொடுத்து அனுப்பலாமா என்பது தாயின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். சிறுமியாக இருந்தபோது பெரியப்பாவிடம் சில வருடங்கள் சிலம்பமும், வெறுங்கைச் சண்டை முறையான குத்துவரிசை கொஞ்சமும் கற்றவள். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு பேராகப் படித்தேன்.

உங்கள் மகள் உறைந்து நின்றதை உங்கள் வீட்டில் எல்லோரும் தோல்வியாகப் பார்க்கிறீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று பயப்படுகிறேன். எதிர்பாராத நேரத்தில் உடம்பின் மேல் கை விழும்போது ஓடுவதும் எதிர்ப்பதும் போலவே உறைந்து நிற்பதும் உடம்பு தானாகச் செய்வதுதான். பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கும் அது நடக்கும். அவள் கோழை இல்லை. அவளிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டும். அவள் அப்பாவும் சொல்ல வேண்டும், அதுவும் “என்ன பிரயோஜனம்” என்று கேட்ட அதே கூடத்தில் வைத்து. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏன் கத்தவில்லை என்று கேட்டதற்கு, “அப்பா வயசு இருக்கும்மா, எப்படிக் கத்துறது?” என்றாளாம். என் கண்ணில் அதுதான் கடிதத்தின் மையம். சிலம்பம் அவளைக் கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மூத்தவர் முன் குரல் உயர்த்தக் கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் பயிற்சிக் களத்திலும் பழக்கியிருக்கிறோம். அந்த மரியாதைக்கு எல்லை எங்கே என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தன் உடம்பின் மேல் கை வைக்கிறவனுக்கு வயது எதுவானாலும் அவன் பெரியவன் இல்லை என்று, இத்தனை தெளிவாக, நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

நடந்தது குற்றம், இப்போதும் புகார் செய்யலாம்

“துணிக்கு மேல பட்டதுக்கு என்ன கேஸ்” என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. உங்கள் மகளுக்கு 18 வயது ஆகவில்லை. எனவே இது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. பாலியல் நோக்கத்தோடு தொடுவது அதன் 7-ஆம் பிரிவில் குற்றம். 8-ஆம் பிரிவின்படி 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 நவம்பரில் அங்கே நிராகரிக்கப்பட்டுவிட்டது. துணி இருந்ததா என்பது கேள்வியே இல்லை.

இரண்டு மாதம் ஆனதால் புகார் செத்துவிடாது. ஏன் தாமதம் என்று கேட்பார்கள். குழந்தை பயந்து ஒரு வாரம் பேசவில்லை என்பதே நேர்மையான பதில். அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்கு எதிரான இப்படிப்பட்ட குற்றம் தெரிந்த பெரியவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது கடமையாக்குகிறது. “வெளியே தெரிஞ்சா அசிங்கம்” என்று குடும்பங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். ஆனால் சட்டப்படி வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரிதான், சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். பெயரை யாரும் வெளியிடக் கூடாது. இரவில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று அலைய வேண்டாம், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். போகும் முன் அவளிடம் பேசுங்கள். என்ன நடக்கும், யார் கேட்பார்கள் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது.

‘பயிற்சி எடுத்த கை ஆயுதம்’ என்ற பயம்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் கராத்தே வகுப்புப் பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறேன். பிளாக் பெல்ட் வாங்கினால் கையைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றுகூட நம்புகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இருப்பது இதுதான். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் உடம்பைக் காக்கவும் அந்த உரிமை உண்டு. அதன்படி செய்தது குற்றமே ஆகாது. பஸ்ஸில் உங்கள் மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டிருந்தாலும், முழங்கையால் அவன் விலாவில் இடித்திருந்தாலும், காலை மிதித்திருந்தாலும் சட்டம் அவள் பக்கம்தான் நின்றிருக்கும்.

எப்போது தொடங்கும் இந்த உரிமை? ஆசான்கள் பலர் “முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது” என்பார்கள். கராத்தேயை ஒக்கினாவாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷியும் இதையேதான் வலியுறுத்தினார். நல்ல பாடம். ஆனால் பிள்ளைகள் அதை “அடி வாங்கிய பிறகுதான் கை தூக்க வேண்டும்” என்று புரிந்துகொள்கிறார்கள். சட்டம் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த கணமே உரிமை தொடங்குகிறது என்கிறது 40-ஆம் பிரிவு. ஒருவன் வழியை மறித்துக் கை ஓங்குகிறான் என்றால் அந்தக் கை இறங்கும்வரை நிற்க வேண்டியதில்லை. முதலில் கை ஓங்கியவன்தான் முதல் அடியைத் தொடங்கியவன். ஆசானிடம் கேட்டால் அவரும் இதை ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

எங்கே முடியும்? ஆபத்து தீரும் இடத்தில். இதைத்தான் பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். ஒரு வழக்கைச் சொல்கிறேன். இரவில் செயின் பறிக்கக் கத்தியோடு வந்தவனை ஓர் இளைஞர் முழங்கையால் அடித்து விழுத்தினார். கத்தி சாக்கடைக்குள் போய் விழுந்தது. அவர் பல வருடம் பயிற்சி எடுத்தவர், அடி சுத்தமாக விழுந்திருந்தது. அதோடு நின்றிருக்கலாம். கீழே கிடந்தவனைக் கையிலிருந்த ஹெல்மெட்டால் மூன்று முறை அடித்துவிட்டார். காயச் சான்றிதழில் நான்கு காயங்கள் வரிசையாக எழுதியிருந்தன. முதல் காயத்துக்கு நீதிமன்றத்தில் என்னால் பதில் சொல்ல முடிந்தது. மற்ற மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. காப்பதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37-ஆம் பிரிவு. அந்த எல்லையைத் தாண்டியது அவர் கை. பயிற்சி எடுத்ததால் வந்த வினை இல்லை அது. நிறுத்தப் பயிற்சி எடுக்காததால் வந்தது.

அதற்காக ஒவ்வோர் அடியையும் அளந்து அடிக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தாக்கப்படுகிறவர் கணக்குப் பார்த்துத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் போனதற்கும், விழுந்து கிடப்பவனை அடிப்பதற்கும், மறுநாள் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு தேடிப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது எந்த வகையிலும் தற்காப்பு ஆகாது. உங்கள் கணவர் அந்த ஆளை பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். இன்று உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பெரிய சட்ட ஆபத்து அதுதான்.

எதிர்த்தரப்பு பொய்ப் புகார் கொடுக்காது என்று என்னால் உறுதி தர முடியாது. கொடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். அதனால் இப்படி ஏதாவது நடந்தால் அன்றே நீங்கள் புகார் கொடுத்துவிடுங்கள். பஸ் டிக்கெட், வண்டி எண், பக்கத்தில் நின்றவர் யார் என்பதெல்லாம் அப்போதே குறித்து வைத்தால்தான் உண்டு. வேலை பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை: 18 வயதுக்குள் இப்படி ஒரு தள்ளுமுள்ளில் பெயர் வந்தால்கூட, அது பின்னாளில் வேலைக்குத் தகுதிக்குறைவு ஆகக் கூடாது என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

கம்பா, மூன்று மாத வகுப்பா?

உங்கள் மகளின் கம்பு அவள் நெற்றி உயரம் இருக்கும். அதை வீச அவளைச் சுற்றி ஒரு வட்டம் வேண்டும். மாலை நேர டவுன் பஸ்ஸில் இருப்பது இரண்டு விரல் இடைவெளி. அந்த இடத்தில் வீச்சு உதவவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் ஏழு வருடத்தில் அவள் சேர்த்தது வீச்சு மட்டுமா? காலடி இருக்கிறது. பிரேக் போட்டாலும் தடுமாறாமல் எடை மாற்றி நிற்கத் தெரியும். எதிராளியின் தோள் அசைவதை வைத்துக் கை எங்கே வரும் என்று தெரியும். நேர்க்கோட்டிலிருந்து அரை அடி விலகத் தெரியும். மூன்று மாதத்தில் யாரும் இதைக் கொடுக்க முடியாது.

இல்லாதது இரண்டு. ஒன்று, நெருக்கத்தில் வெறுங்கை. சிலம்ப மரபிலேயே குத்துவரிசையும் பிடிவரிசையும் அதற்காக இருப்பவைதான். இன்று பல களங்களில் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதிலேயே நேரம் போய்விடுகிறது. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அழகாகச் சுற்றுவதற்குக் கிடைக்கும் மதிப்பெண் பிடியை உடைப்பதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே கணவரிடம் சொல்லுங்கள், அவர் தேடுவது கலைக்கு வெளியே இல்லை, கலையில் அந்த ஊர்க் களம் எட்டாத பக்கத்தில் இருக்கிறது.

இரண்டு, எதிர்க்கும் ஆளோடு பழகுவது. ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்ஸுவிலிருந்த மிக ஆபத்தான அடிகளை, ஜோடியோடு தடையின்றி மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிச்சமிருந்ததை உண்மையாகவே எதிர்க்கும் ஆளோடு முழு வேகத்தில் பழகவைத்தார். மரபை அவர் கைவிடவில்லை. வணங்கிவிட்டுத்தான் பாயில் இறங்குவார்கள், இன்றும். ஆனால் சும்மா நின்று கொடுக்கும் ஜோடியிடம் கற்ற பிடி, உண்மையில் இழுப்பவனிடம் வேலை செய்யாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் சிலம்பத்தில், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டி ஓரளவு அதைத் தருகிறது. வெறுங்கைக்கும் அது வேண்டும்.

டவுன் வகுப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ப்பதற்கு முன் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். “மூன்று மாதத்தில் மூன்று ஆம்பளைகளை வீழ்த்தலாம்” என்றால் அப்போதும். பிடிக்கிற ஜோடி உண்மையாக இறுக்கிப் பிடிக்கிறாரா, பிள்ளைகளைச் சத்தமாகக் கத்தவைக்கிறார்களா, விலகி ஓடுவதை ஒரு பாடமாகவே எடுக்கிறார்களா, தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் முன் கேட்கிறார்களா, பெண் பயிற்சியாளர் உண்டா என்று பாருங்கள். இதே கேள்விகளை ஆசானின் களத்திலும் கேட்டுப் பாருங்கள். ‘குரு சொன்னால் மறுப்பு கிடையாது’ என்பது கம்பு விஷயத்தில் சரி. ஆனால் எந்த ஆசானிடமும், எந்த மாஸ்டரிடமும், “இது எனக்குச் சரியாகப் படவில்லை” என்று சொல்லும் வாய் பிள்ளைக்கு இருக்க வேண்டும். களத்தில் சொல்லப் பழகாதவள் பஸ்ஸில் எப்படிச் சொல்வாள்?

என் யோசனை, சிலம்பத்தை விடாமல், வாரத்தில் ஒருநாள் வெறுங்கைப் பயிற்சியைச் சேர்ப்பது. ஆசானே குத்துவரிசை எடுத்தால் நல்லது. இல்லாவிட்டால் வெளியே. வீட்டில் நீங்களே ஒன்று செய்யலாம். அவளுக்குப் பின்னால் நின்று தோளில் கை வையுங்கள். அவள் அரை அடி விலகித் திரும்பி, உங்கள் கண்ணைப் பார்த்து, “கையை எடு!” என்று கத்த வேண்டும். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வரும், குரல் தொண்டையிலேயே நிற்கும். பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ‘கையை எடுங்க’ என்று பழக்காதீர்கள். அந்த ‘ங்க’வில்தான் அவள் அன்று மாட்டிக்கொண்டாள்.

கத்தினால் சுற்றி இருப்பவர்களுக்கும் வேலை வரும். பெண்களிடம் தவறாக நடக்கும் பயணியைக் கண்டக்டர் கீழே இறக்கவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. “கண்டக்டர், இந்த ஆளை இறக்குங்க” என்று கேட்பது அவளுடைய உரிமை.

பையில் என்ன வைக்கலாம்?

கத்தி வேண்டவே வேண்டாம். 16 வயதுப் பிள்ளையின் பையில் கத்தி இருந்தால் பள்ளியில் அவள்தான் குற்றவாளி. பஸ்ஸில் எடுத்தால் அது எதிராளியின் கைக்குப் போய்விடக்கூடும். ஒரு தட்டலில் முடிந்திருக்கும் விஷயம் கொலை முயற்சி வழக்கு வரை போகும்.

பெப்பர் ஸ்பிரே வாங்க உரிமம் தேவையில்லை. ஆனால் ஓடும் பஸ்ஸில் அடித்தால் பக்கத்துக் குழந்தைக்கும் அவளுக்குமே கண் எரியும். ஆளில்லாத தெருவுக்கென்றால் யோசிக்கலாம். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. எடுத்துப் பழக வேண்டும். அதுவும் ஆபத்து இருக்கும்போது மட்டும். வாய்த்தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்த ஒரு வழக்கில், அதை ஆபத்தான ஆயுதமாகவே பார்க்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் கருத்துச் சொல்லி, வழக்கை ரத்து செய்ய மறுத்திருக்கிறது. பொதுவாக அவள் கையில் ஃபோனில் அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான 181 எண்களும், ஒரு நீளக் குடையும் இருந்தால் எனக்கு நிம்மதி. கம்பு பிடிக்கத் தெரிந்த கைதானே அது.

கடைசியாக ஆசான். போன முறை உங்கள் கணவர் கேட்டது அவருக்கு, கலையே வீண் என்று சொன்னதுபோல் விழுந்திருக்கும். இந்த முறை மகளையே அழைத்துப் போங்கள். நடந்ததை எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். “ஐயா, யாராவது பின்னாலிருந்து பிடிச்சா என்ன செய்யணும், எனக்குச் சொல்லிக்கொடுங்க” என்று அவள் கேட்கட்டும். அடக்கம்தான் முதல் பாடம் என்று அவர் சொல்வது உண்மை. என் கட்சிக்காரருக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லித்தராததால்தான் நான் அந்த நான்கு காயங்களின் பட்டியலைப் படிக்க நேர்ந்தது. அடக்கம் கைக்கு, வாய்க்கு அல்ல என்பதை மட்டும் அவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது களத்துக்கு வெளியே நின்றால் போதும்.

புகார் கொடுக்க முடிவு செய்தால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதல் முறை போகும்போது அவள் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துப் போங்கள்: தேதி, பஸ் எண், ஏறிய இடம், இறங்கிய இடம், அந்த ஆளின் சட்டை நிறம். நினைவில் இருப்பதை அவள் கைப்பட இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.